மைக்ரோவேவ் அடுப்பும் சூட்டின் போக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

மைக்ரோவேவ் அடுப்பு என்றதும் பலரும் அஞ்சுவது அதன் அலைகளைப் பற்றித்தான். உண்மையில் வீடுகளில் காயம் உண்டாவது பெரும்பாலும் கொதிநீராலும் ஆவியாலும். எனவே அலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

உள்ளே இருக்கும் மேக்னட்ரான் என்ற பாகம் 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைகளை எழுப்புகிறது. அவை உணவிலுள்ள நீரை அசைத்துச் சூடாக்குகின்றன. அடுப்பு நின்றதும் அலையும் நின்றுவிடும், உணவில் எதுவும் தங்காது. அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவில் தெரியும் உலோக வலையின் துளைகள் அதைவிட மிகச் சிறியவை என்பதால் அலை வெளியே வர முடிவதில்லை. ஆனால் கதவு கோணியிருந்தாலோ, கொக்கி உடைந்திருந்தாலோ, வலை கிழிந்திருந்தாலோ அடுப்பை இயக்கவே கூடாது.

இனி தண்ணீர். வழுவழுப்பான கண்ணாடிக் குவளையில் தண்ணீரை வைத்து நேரத்தைக் கூட்டிவிட்டால், அது 100 டிகிரியைத் தாண்டியும் குமிழி விடாமல் அசையாது நிற்கக்கூடும். கொதிக்கவில்லையே என்று வெளியே எடுத்து, இன்ஸ்டன்ட் காபித்தூளையோ சர்க்கரையையோ போட்ட கணமே மொத்தமும் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். குமிழி உருவாக ஒரு பிடிப்பு வேண்டும். தூள் விழுந்ததும் அது கிடைத்துவிடுகிறது. ஆகவே குவளைக்குள் முதலிலேயே ஒரு மரக்குச்சியைப் போட்டு வையுங்கள். ஒரு குவளைக்கு ஒன்றரை நிமிடம் வைத்துப் பார்த்து, போதாவிட்டால் சிறிது கூட்டுங்கள். ஆறிய தண்ணீரைக் கலக்காமல் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம். அடுப்பு நின்ற பிறகு அரை நிமிடம் விட்டு எடுங்கள்.

அவித்த முட்டையும் இப்படித்தான். முழு முட்டையைச் சூடாக்கினால் உள்ளே ஆவி அடைபட்டு, வெளியே எடுத்துக் கடிக்கும்போதுகூட வெடிக்கலாம். என்னைக் கேட்டால், முட்டையை மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம். உருளைக்கிழங்கையும் கத்தரிக்காயையும் முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிட்டு வையுங்கள்.

அலைகள் உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் நன்றாகப் புகும். அதனால் கிண்ணத்தின் ஓரத்தில் சாம்பார் கொதிக்கும், நடுவில் ஜில்லென்று இருக்கும். தட்டில் உணவை நடுவில் குழி விட்டுப் பரப்புங்கள். ஆவி போக இடம் விட்டு மூடுங்கள். பாதி நேரத்தில் வெளியே எடுத்துக் கிளறுங்கள். முடிந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். நடுப்பகுதி 74 டிகிரி வரை சூடாக வேண்டும். குழந்தையின் பால்புட்டியை இதில் வைக்காதீர்கள். புட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே ஓரிடத்தில் பால் சுடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைப்பதே நல்லது.

சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே வெகுநேரம் கிடந்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது. வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போன சோற்றை மட்டும், ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து, மூடிச் சூடாக்குங்கள்.

பாத்திரத்தில் எவர்சில்வர், அலுமினியத் தாள், பொன்னிற விளிம்புத் தட்டு, ஸ்டேப்ளர் பின் போட்ட பொட்டலம் எதுவும் ஆகாது. மெலமைன் தட்டும் வேண்டாம். ஓட்டலில் சாம்பார் கட்டிக் கொடுக்கும் மெல்லிய பையோடு வைக்கவே கூடாது. மைக்ரோவேவுக்கு உகந்தது என்று குறிப்பிட்ட கண்ணாடி அல்லது பீங்கான்தான் சிறந்தது. கன்வெக்‌ஷன், கிரில் என்ற, சூடான காற்றாலோ சூட்டுக்கம்பியாலோ சமைக்கும் முறைகளில் பிளாஸ்டிக் கூடவே கூடாது. தாளிப்பையும் பொரிப்பதையும் கேஸ் அடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகம் எதுவும் இல்லாமலே பொறி பறக்கிறதா? உள்சுவரில் அட்டை போல ஒரு மைக்கா தகடு இருக்கும். அதில் தெறித்த எண்ணெய் கருகினால் பொறி வரும். ஆறிய பின் ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். கருகி ஓட்டை விழுந்திருந்தால் புதிய தகடு மாற்றச் சொல்லுங்கள். பிடுங்கி எறிந்துவிட்டு அடுப்பை ஓட்டக் கூடாது.

800 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குச் சேரும் ஆற்றல். மின்சாரம் இழுப்பது 1,200 வாட்டும் அதற்கு மேலும். எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள், காலியாகவும் ஓட்டாதீர்கள்.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டுத் தீ பெருகும். சுவர் சுவிட்சை அணைத்து, தானாக அடங்கும் வரை மூடியே வையுங்கள்.

பழுதானால் மேல்மூடியின் ஸ்குருவைத் தொடாதீர்கள். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி (கெபாசிட்டர்) ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வேலை செய்வது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி, உயிரைப் பறிக்கும் அளவுக்கு அதிர்ச்சி தரலாம். பயிற்சி பெற்ற மெக்கானிக் அந்த மின்சாரத்தை முறையாக வெளியேற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

வணக்கம்.