அந்தப் பெஞ்சில் இப்போது யார் உட்காருகிறார்கள்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பொதுவாழ்வில் மக்களுக்கு இருந்த ஈடுபாடு மங்கிவிட்டதா, வடிவம் மாறிவிட்டதா? மாறிவிட்டது என்றார் எதிரணித் தலைவர். கைப்பேசியில் விவாதிக்கிறார்கள், 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்டார்களே, அது போதாதா என்று கேட்டார். பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன். அதற்கு முன்னால் சில காட்சிகள்.

1921 ஜூலை. ஈரோடு கருங்கல்பாளையத்தில் ஒரு வாசகசாலையின் ஆண்டுவிழா. ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்று பேசியவர் பாரதியார். செப்டம்பரில் அவர் காலமாகிவிட்டார். ஒரு சின்ன வாசகசாலை ஆண்டுவிழா நடத்தியது, அதற்கு மகாகவி ரயிலேறிப் போனார், கேட்க ஊர் கூடியது. இன்று நம் தெரு நூலகத்துக்கு ஆண்டுவிழா உண்டா?

அப்புறம் 1949 செப்டம்பர். ராயபுரம் ராபின்சன் பூங்காவில் திமுக தொடக்கக் கூட்டம். மழை கொட்டியது. நனைந்துகொண்டே நின்று கேட்டார்கள். கட்சி எதுவாகவும் இருக்கட்டும், நான் பேசுவது அங்கே நின்றவர்களைப் பற்றி. அண்ணாவின் பேச்சைக் கேட்க டிக்கெட் வாங்கிப் போன காலமும் இருந்தது. “மாதமோ சித்திரை, மணியோ பத்தரை” என்று அவர் பேசியதாக இன்றும் சொல்லி ரசிக்கிறோம். எனக்கு அந்த எதுகையைவிட, பத்தரை மணி வரை கலையாமல் காத்திருந்த ஜனம்தான் பெரிதாகத் தெரிகிறது. விடிந்தால் மில்லுக்கும் வயலுக்கும் போகவேண்டியவர்கள் ஐயா அவர்கள்! அன்று கேட்கிறவன் காசு கொடுத்தான். இன்று கேட்க வருகிறவருக்குக் காசும் பிரியாணியும் கொடுத்து வேனில் ஏற்றி வருகிறார்கள். இதை ‘வடிவ மாற்றம்’ என்று சொல்ல என்னால் முடியாது.

இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று விதி வந்தது, வீட்டுக்கு வீடு டிவி வந்தது, உண்மைதான். ஆனால் கூட்டம் கலைந்ததற்கு அவை மட்டும் காரணம் இல்லை. நான் போய் என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் வந்துவிட்டது. எனக்கு அதுதான் வலிக்கிறது.

சரி, மெரினாவுக்கு வருகிறேன். அது உண்மையான எழுச்சி, நான் மதிக்கிறேன். ஆனால் அதே நாட்களில் தமிழ்நாட்டின் எந்த ஊராட்சியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். ஊராட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில், அதுவும் எல்லா மாவட்டங்களிலும் இல்லை. மூன்று வருடம் நம் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் பதில் சொல்ல நாம் தேர்ந்தெடுத்த ஆள் கிடையாது. அதற்காக எந்தக் கடற்கரையாவது நிரம்பியதா, எதிரணி நண்பரே? திடீரென்று பொங்குவது வேறு, பொதுக்காரியத்தை அன்றாட வேலையாகப் பார்ப்பது வேறு. நாம் இழந்தது இரண்டாவதை.

கிராம சபையைப் பாருங்கள். ஆண்டுக்கு நான்கு முறை கூடியது, 2022இல் ஆறு முறை ஆனது. ஆள் வந்தார்களா? ஐந்நூறு பேருக்கு மேல் மூவாயிரம் பேர் வரை உள்ள ஊராட்சிக்கு நூறு பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு. எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை உட்காரவைத்து அந்தக் கணக்கை முடிக்கிறார்கள். கையெழுத்து வாங்கியதும் அவர்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், பாவம். தீர்மானத்தைப் படிக்கும்போது யாரும் இல்லை.

ஒரே ஒரு பெரியவர் மட்டும் தவறாமல் வருவார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. முன் பெஞ்சில் உட்கார்ந்து, “போன தடவை சொன்ன வரவு செலவைக் கொஞ்சம் வாசிங்க” என்பார். வாசித்தே ஆகவேண்டும், விடமாட்டார். போன வருடம் அவர் இறந்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். வரவு செலவை வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை நடுவர் அவர்களே. நானும் கேட்கவில்லை.