ஜூனியர் எழுதிய ஸ்கிட்டில் சிரிப்பு வரவில்லை என்றால் எப்படிச் சொல்வது?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, நான் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். எங்கள் நாடகக் குழுவில் கல்சுரல்ஸுக்காக ஜூனியர்கள் காமெடி ஸ்கிட் எழுதிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். பல நேரம் எனக்குச் சிரிப்பே வருவதில்லை. மொக்கை என்று சொன்னால் அப்புறம் எழுதவே மாட்டார்களோ என்று பயந்து, சூப்பர்டா என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். மேடையில் போய் ஹூட்டிங் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?"

தம்பி, உங்கள் பயம் நியாயமானதுதான். ஒருவர் சோகக் கதை எழுதிக் காட்டினால், நமக்கு அழுகை வராவிட்டாலும் "நல்லா எழுதியிருக்கே" என்று சொல்ல இடம் இருக்கிறது. காமெடியில் அந்த இடம் கிடையாது. நாம் படிக்கப் படிக்க, எழுதியவர் நம் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பக்கம் தாண்டியும் உதடு அசையவில்லை என்றால் அவருக்கு உள்ளே ஏதோ இடிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு இதமாகப் பேசினாலும் காதில் ஏறாது.

அதனால் ஸ்கிரிப்டைக் கையில் வாங்கித் தனியாகப் படிக்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள். மேடைக்கு எழுதியதைக் காதால் கேட்க வேண்டும். நாலைந்து பேரை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பாத்திரம் பிரித்துக் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் மட்டும் வாசிக்கக் கூடாது. எங்கே இழுக்க வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்; பேப்பரில் இல்லாததைக் குரலில் சேர்த்துவிடுவார். அவர் கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள். யாராவது சிரித்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு, எல்லோரும் சிரித்தால் இரண்டு கோடு. வேறெதுவும் எழுத வேண்டாம். வாசித்து முடிக்கும்போது மூன்று பக்கத்துக்குக் கோடே விழவில்லை என்பதை அவரே பார்த்திருப்பார். மொக்கை என்ற வார்த்தைக்கு அங்கே வேலையே இல்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இரண்டாம் வருடம் படிக்கிற ஒரு மாணவி ரேஷன் கடையை வைத்து ஒரு ஸ்கிட் எழுதிக்கொண்டு வந்தார். எட்டுப் பக்கம். முதல் நாலு பக்கமும் க்யூவில் நிற்கிறவர்கள்தான்: ஒரு குடிகாரர், ஒரு மாமியார் மருமகள், புடவை கட்டிக்கொண்டு வருகிற ஒரு பையன். ஆளாளுக்கு கவுன்ட்டர் அடித்துக்கொள்கிறார்கள். ஐந்தாம் பக்கத்தில் ஒரு பாட்டி வருகிறார். மெஷினில் விரலை வைக்கிறார், ரேகை விழவில்லை. நாற்பது வருடம் பாத்திரம் தேய்த்த கை, ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? கடைக்காரர் மெஷினை உற்றுப் பார்த்துவிட்டு, "பாட்டி, நீங்க நீங்க இல்லைன்னு வருது" என்கிறார். பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நான் யாருன்னு அதுல போட்டிருக்கா பாரு" என்கிறார். கடைக்காரர் வசனத்தை வாசித்துக்கொண்டிருந்த பையனால் அடுத்த வரிக்குப் போகவே முடியவில்லை. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஆறு கோடு.

முடிந்ததும் நான் அந்தப் பெண்ணிடம் சொன்னது இரண்டே விஷயம். "பாட்டி அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. இந்த ஸ்கிட் ஐந்தாம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது" என்றேன். அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன்: "மெஷின் சொன்னது உண்மைதான் என்று அந்தக் கடையில் எல்லோரும் நம்பிவிட்டால், அடுத்து என்னவெல்லாம் நடக்கும்?" அதோடு நிறுத்திக்கொண்டேன். நாலு நாள் கழித்து நாலே பக்கத்தில் கொண்டு வந்தார். பாட்டியோடு வந்த பேரனே "எங்க பாட்டி எங்கே?" என்று பாட்டியிடம் கேட்கிறான். கடைசியில் கடைக்காரர், மெஷின் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று காட்டத் தன் விரலை வைக்கிறார். அவருக்கும் விழவில்லை. இது எனக்குத் தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது.

ஸ்கிட்டுக்கு ஒரே ஒரு கோணல் போதும். ஒரு ஆள், அல்லது ஒரு மெஷின், ஒரு விஷயத்தைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு கடைசி வரை விடாமல் நிற்பது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து 1941ல் வந்த சபாபதி படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். வேலைக்காரனாக வருகிற காளி என். ரத்னம், யார் எதைச் சொன்னாலும் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்வார். சோடாவை உடைத்துக் கொண்டுவா என்றால் பாட்டிலையே உடைத்துவிடுவார். அந்த ஒரு குணத்தைக் கொண்டே காட்சி காட்சியாக நகர்த்துகிறார்கள். அமெச்சூர் ஸ்கிரிப்டைக் கேட்கும்போது நீங்கள் தேட வேண்டியது இந்தக் கோணலைத்தான். அநேகமாக எல்லா ஸ்கிரிப்டிலும் அது எங்கேயாவது இருக்கும். எழுதியவருக்கு அது இருப்பதே தெரியாது, பத்து ஜோக்குக்குக் கீழே புதைத்து வைத்திருப்பார். தோண்டி எடுத்து "இதோ இருக்கு பார்" என்று காட்டுவதுதான் சீனியராக நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். உங்கள் ஜோக்கை அவர் பேப்பரில் எழுதாதீர்கள். நான் கடைசி வருடம் படிக்கும்போது இதைச் செய்தேன். ஒரு ஜூனியர் பையனின் ஸ்கிரிப்டை வாங்கி, ஒரே ராத்திரியில் வரிக்கு வரி மாற்றிக் கொடுத்தேன். மேடையில் நன்றாகவே சிரித்தார்கள், பரிசும் கிடைத்தது. இறங்கி வந்ததும் எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். அவன் யார் முகத்தையும் பார்க்காமல் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை. நீங்கள் பயப்படுகிறீர்களே, உண்மையைச் சொன்னால் எழுதுவதை விட்டுவிடுவார்கள் என்று. அவன் விட்டது உண்மையைக் கேட்டதால் இல்லை. அவன் எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் விட்டுவைக்காததால். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

அப்புறம் வார்த்தை விளையாட்டு. நம் பிள்ளைகள் பேனா எடுத்ததும் முதலில் போவது அங்கேதான், கிரேஸி மோகன் மேல் அவ்வளவு ஆசை. அது நல்ல ஆசைதான். ஆனால் அவர் வசனம் எழுதிய மைக்கேல் மதன காமராஜனில், 1990ல் வந்த படம், சாம்பாரில் மீன் வருகிற இடத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். மீன் என்ற சொல்லை வைத்து அவ்வளவு விளையாடுகிறார்கள். விளையாடுகிற நேரத்தில் சமையல்காரர் காமேஸ்வரனுக்கு உயிர் போகிற பயம். கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் கிடந்தால் அவர் மானமும் போச்சு, பிழைப்பும் போச்சு. அந்தப் பயம் கீழே இருப்பதால்தான் மேலே சொல் துள்ளுகிறது. ஜூனியர் வெறும் கடி ஜோக்காக அடுக்கிக்கொண்டு வந்தால், வெட்டு என்று சொல்லாதீர்கள். "இந்த ஆளுக்கு இப்போது என்ன பயம், என்ன அவசரம்?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் ஜோக் நிற்கும். இல்லையென்றால் அவரே எடுத்துவிடுவார்.

நிறத்தை, உடம்பை, திக்குவாயைக் கிண்டல் செய்கிற வரி வந்தால் மட்டும் சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லிவிடுங்கள். அரங்கத்தில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவரைச் சுற்றி இருக்கிறவர்கள் திரும்பி அவரைப் பார்ப்பார்கள். எழுதுகிற பிள்ளைகள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் எழுதுவதில்லை, டிவியில் பார்த்துப் பழகியதை எழுதுகிறார்கள். சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பேசும்போது உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். "இந்த இடம் நல்லா இல்லை" என்பதற்குப் பதிலாக, "இந்த இடத்தில் யார் அப்பா, யார் மாமா என்று எனக்குக் குழம்பிவிட்டது, அதனால் அடுத்த மூணு ஜோக்கையும் கேட்கவே இல்லை" என்று சொன்னால், அவருக்கு எதைச் சரி செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். குழு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், நேரில் உட்கார்ந்து பேசுங்கள்.

சரி, எட்டுப் பக்கத்திலும் ஒரு கோடுகூட விழவில்லை என்றால்? அதுவும் நடக்கும். அப்போது பேப்பரை மூடி வைத்துவிட்டு, "இதை எழுதணும்னு உனக்கு எதைப் பார்த்துத் தோணுச்சு?" என்று கேளுங்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் நடந்தது, சித்தப்பா கல்யாணத்தில் நடந்தது என்று ஏதாவது சொல்ல ஆரம்பிப்பார். சொல்லும்போது ஒரு இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்து பேச்சு நிற்கும். பெரும்பாலும் அந்த இடம் பேப்பரில் இருக்காது. அவர் சம்மதத்தோடு அதைப் போனில் ரெக்கார்ட் செய்து அவரிடமே கொடுங்கள், அடுத்த வாரம் எந்தக் கிழமை மறுபடி வாசிக்கப் போகிறோம் என்று நாளையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.