நடந்து சென்று வென்றவர்

நேயர்களுக்கு வணக்கம். பிரான்சின் லெ மான் நகரில் ஆண்டுதோறும் 24 மணி நேரக் கார் பந்தயம் நடைபெறும். 1969 ஜூனில் அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு எல்லோர் கண்ணும் போர்ஷே 917 மீதுதான். 12 சிலிண்டர், நாலரை லிட்டர் எஞ்சின். வேகத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் பிறந்து சில மாதங்களே ஆன வண்டி. நேர்ச்சாலையில் நிலைகொள்ளாமல் அலைபாயும். ஓட்டுநர்களே அதைக் கண்டு அஞ்சினார்கள். எதிரே, ஜான் வையர் அணியின் ஃபோர்டு ஜிடி40. 1964இல் களமிறங்கிய வடிவமைப்பு. அதிலும் இது, முந்தைய ஆண்டு அங்கே வென்ற அதே கார்!

கொடி அசைந்ததும் ஓட்டுநர்கள் சாலையின் குறுக்கே ஓடிப்போய்க் காரில் தாவி ஏறுவது அக்கால வழக்கம். பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அந்த அவசரத்தில் இருக்கைப் பட்டையைப் பூட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்? 24 வயது பெல்ஜியர் ஜாக்கி இக்ஸ் இதை எதிர்த்தார். மற்றவர்கள் ஓட, அவர் நடந்தே போனார். பட்டையைப் பூட்டிக்கொண்டு கடைசி ஆளாகக் கிளம்பினார். முதல் சுற்றிலேயே 917 ஒன்றை ஓட்டிய ஜான் வுல்ஃப் விபத்தில் உயிரிழந்தார். அவர் பட்டை பூட்டியிருக்கவில்லை. மறு ஆண்டு, ஓடிப்போய்க் காரில் ஏறும் அந்த வழக்கம் கைவிடப்பட்டது.

இன்னொரு 917, எல்ஃபோர்டும் ஆட்வுட்டும் ஓட்டியது, ஞாயிறு காலையிலும் முன்னணியில் இருந்தது. முடிவுக்குச் சில மணி நேரமே இருக்கையில் பழுதாகி நின்றுவிட்டது. மிஞ்சியது இக்ஸின் ஃபோர்டும் ஹான்ஸ் ஹெர்மன் ஓட்டிய போர்ஷே 908உம். இருவரும் மாறி மாறி முந்தினார்கள். நீண்ட நேர்ச்சாலையில் ஹெர்மனை வேண்டுமென்றே முன்னே விட்டு, அவர் காற்றைக் கிழித்த வழியிலேயே பின்தொடர்ந்து, கடைசியில் பாய்ந்து முந்தினார் இக்ஸ். ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் ஓடியபின் இடைவெளி சுமார் 120 மீட்டர். வெற்றியில் பங்காளி, அதே காரை அவரோடு முறைமாற்றி ஓட்டிய ஜாக்கி ஆலிவர்.

இதைப் பழமையின் வெற்றி என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஐந்தாண்டுப் பந்தயங்களில் உடையக்கூடியவை உடைந்து, ஒவ்வொன்றாகச் சீர்செய்யப்பட்ட கார் அது. 917க்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஜான் வையருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: அடுத்த ஆண்டு அவரே 917க்கு மாறிவிட்டார். அந்த 1970இல் லெ மானை வென்றதும் ஒரு 917தான். ஓட்டியவர்கள், முந்தைய ஆண்டு ஏமாந்த அதே ஹெர்மனும் ஆட்வுட்டும். நன்றி, வணக்கம்.