சுவரில் கிறுக்கியவர்களுக்குச் சம்பளம் கொடுத்த ஊர்

வணக்கம் நண்பர்களே. இரைச்சல் கேட்கிறதா? தலைக்கு மேலே ரயில் போகிறது. மேற்கு பிலடெல்பியாவில், மார்க்கெட் தெருவில், 52ஆம் தெரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். இரும்புத் தூண்களின் மேல் ஓடும் பழைய ரயில் பாதை இது. ரயில் வரும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதோ, அந்தக் கட்டடத்தின் மேல்மாடிச் சுவரைப் பாருங்கள். பெரிய பெரிய எழுத்துகள். தெருவில் நின்றால் பாதிதான் தெரியும், ரயில் பெட்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால்தான் முழுவதும் படிக்கலாம். இந்தப் பாதை நெடுக இப்படி 50 சுவர்களில் எழுதினார்கள். எல்லாம் சேர்ந்து ஒரே காதல் கடிதம். ஒரு சுவரில், ஐம்பத்திரண்டாம் தெருவுக்கு வந்து ஐம்பது வினாடியாவது என்னைப் பார்த்துவிட்டுப் போ என்று கெஞ்சுகிறான் காதலன். 2009இல் வரைந்தவர் ஸ்டீவ் பவர்ஸ். இதே வட்டாரத்துப் பையன். இளவயதில் 'எஸ்போ' என்ற பெயரில் அனுமதி இல்லாமல் ஊர்ச் சுவர்களில் எழுதிக்கொண்டிருந்தவர். அந்த மனிதருக்கு 50 சுவர்களைப் பிடித்துக்கொடுத்தது நகராட்சியின் கலைத் திட்டம்.

இன்றைக்கு நான் பேசப்போவது ஓவியங்களைப் பற்றி அல்ல. அழகான படங்களைக் காட்டும் வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன. பேர் தெரியாத ஒரு பையன் பொது இடத்தில் வரையும் கலைஞனாக ஆவதற்கு ஓர் உள்ளாட்சி அமைப்பு என்ன செய்ய முடியும்? அதற்குப் பதில் தேடினால் இந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது.

கொஞ்சம் பழைய கதை. அமெரிக்காவில் சுவரில் பெயர் எழுதும் பழக்கம் நியூயார்க்கில் தொடங்கியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிலடெல்பியாக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். 1960களில் இங்கே டாரில் மெக்ரே என்று ஒரு சிறுவன் இருந்தான். சிறார் சீர்திருத்த இல்லத்தில் இருந்தபோது, பாட்டி சுட்டுத் தரும் சோள ரொட்டி வேண்டும் என்று சமையல்காரரை நச்சரித்தான். அதனால் 'கார்ன்பிரெட்' என்றே அவனுக்குப் பெயர் வந்துவிட்டது. வெளியே வந்தபின் ஊர் முழுக்க அந்தப் பெயரை எழுதினான். அவன் இறந்துவிட்டதாகப் பத்திரிகையில் தவறாகச் செய்தி வந்ததும், 'கார்ன்பிரெட் உயிரோடு இருக்கிறான்' என்று மிருகக்காட்சிசாலை யானையின் உடம்பிலேயே எழுதினான் என்று ஒரு கதை உண்டு. அந்த யானையை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

பிறகு பத்து, பதினைந்து ஆண்டுகளில் ஊர்ச் சுவர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைக்காரர்கள் புலம்பினார்கள். 1984இல் வில்சன் கூட் மேயராகப் பதவியேற்றார். இந்த ஊரின் முதல் கறுப்பின மேயர். அவர் அமைத்ததுதான் கிராஃபிட்டி, அதாவது சுவர்க் கிறுக்கல், எதிர்ப்பு வலையமைப்பு. பெயரைப் பாருங்கள், 'எதிர்ப்பு'. கலையை வளர்க்கும் நோக்கம் அன்றைக்கு யாருக்கும் இல்லை. சுவரைச் சுத்தம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். இனி எழுத மாட்டேன் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் வழக்கு இல்லை என்றார்கள். வந்த பையன்களைச் சுவர் தேய்க்கும் வேலைக்கு அனுப்பினார்கள்.

அவர்களை வைத்துப் படம் வரையும் பொறுப்பு ஜேன் கோல்டன் என்ற இளம்பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. கலிபோர்னியாவில் சுவரோவியம் வரைந்த அனுபவம் அவருக்கு இருந்தது. அவர் பார்த்தது இதுதான்: இரவில் போலீசுக்குப் பயந்து, கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு, ஒரே மூச்சில் ஆளுயர எழுத்தைக் கோணாமல் எழுதும் பையனுக்குக் கையும் கண்ணும் ஏற்கெனவே தயார். அவனுக்கு இல்லாதது சுவரும் சம்பளமும்தான்.

இருங்கள், ரயில்.

சரி. சம்பளம் என்று சொன்னேன் அல்லவா, இந்தக் கதையில் எனக்கு அதுதான் முக்கியம். கலைக்கு ஆதரவு என்றாலே அரசு அமைப்புகளுக்குப் போட்டி, பரிசு, சான்றிதழ், பொன்னாடை என்றுதான் புத்தி போகிறது. போட்டியில் ஒருவன் ஜெயிப்பான், மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கே அப்படி இல்லை. பையனை வேலைக்கு எடுத்தார்கள். முதலில் சுவர் தேய்ப்பான், பிறகு சாயம் கலப்பான், பிறகு பெரிய ஓவியருக்கு உதவியாளன், பிறகு அவனுக்கே ஒரு சிறிய சுவர். இப்படி ஒரு படிக்கட்டைக் கட்டியதால்தான் அந்தத் திட்டம் நிலைத்தது. 1996இல், எட் ரெண்டெல் மேயராக இருந்தபோது, ஓவியப் பிரிவைத் தனியாகப் பிரித்து மியூரல் ஆர்ட்ஸ், அதாவது சுவரோவியக் கலை, திட்டம் ஆக்கினார்கள். தலைவர் அதே கோல்டன். 'எதிர்ப்பு' பெயரிலிருந்து போய்விட்டது. கூடவே நன்கொடை திரட்ட ஒரு தொண்டு அமைப்பும் வந்தது. நகராட்சி கொஞ்சம், அறக்கட்டளைகளும் தனியாரும் கொஞ்சம் என்று இரண்டு காலில் நடக்கிறது. இதுவரை 4,000க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள்.

இத்தனை சுவர் எங்கிருந்து வந்தது? இது சோகமான விஷயம். இந்த ஊர் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள். பக்கச் சுவர் வெளியே தெரியவே தெரியாது. 1950இல் இங்கே 20 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் இருந்தார்கள். ஆலைகள் மூடின, ஆட்கள் கிளம்பினார்கள், 2000இல் அது சுமார் 15 லட்சம். ஆளில்லாத வீடுகள் சிதிலமாகி இடிக்கப்பட்டன. ஒரு வீட்டை இடித்தால் அடுத்த வீட்டின் மொட்டைச் சுவர் மூன்று மாடி உயரத்துக்கு வெளியே வந்து நிற்கும். ஊர் காலியானதால் கிடைத்த கான்வாஸ் இது.

சுவர் இருந்துவிட்டால் வரைந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்காரர் எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். ஓதம் ஏறிய சுவரைக் கொத்தி மறுபடி பூச வேண்டும். சாரம் கட்ட வேண்டும். மேலேயிருந்து யாராவது விழுந்தால் என்ன செய்வது, அதற்குக் காப்பீடு வேண்டும். தெருக்காரர்களைக் கூட்டி என்ன படம் என்று பேச வேண்டும். அந்தக் கூட்டத்தில் எங்கள் தாத்தா முகத்தைப் போடு என்று ஒருவர், பூ போதும் என்று இன்னொருவர், படமே வேண்டாம் குப்பையை அள்ளுங்கள் என்று மூன்றாமவர். இருபது வயதுக் கலைஞன் இதையெல்லாம் தனியாகச் சமாளிப்பானா? காப்பீட்டுப் படிவத்திலேயே அவன் கதை முடிந்துவிடும். சலிப்பூட்டும் இந்த வேலைகளைத் தன் தலையில் போட்டுக்கொண்டதுதான், என்னைக் கேட்டால், இந்த நகராட்சி செய்த பெரிய கலைச் சேவை. இதைப் பற்றி யாரும் கட்டுரை எழுத மாட்டார்கள்.

வரையும் முறையையும் சொல்லிவிடுகிறேன், அது ரொம்ப சுவாரசியம். பெரும்பாலும் ஓவியத்தை நேரே சுவரில் வரைவதில்லை. பாராசூட் துணி என்று இவர்கள் சொல்லும் மெல்லிய துணி இருக்கிறது. ஓவியர் படத்தை நம் ஊர் பேனர் ஓவியர்கள் போலவே கட்டம் கட்டிப் பெரிதாக்கி, கோடுகளைத் துணித் துண்டுகளில் எடுத்து, எந்த இடத்தில் எந்த நிறம் என்று எண் போட்டுவிடுவார். அந்தத் துண்டுகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும், முதியோர் மையத்துக்குப் போகும். சாரத்தில் ஏற முடியாத பாட்டி மேஜையில் உட்கார்ந்து நிறம் அடிப்பார். பிறகு எல்லாவற்றையும் அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டினால் காகிதம் ஒட்டிய மாதிரி தெரியாது, சுவரிலேயே வரைந்தது போல இருக்கும். குளிர்காலத்திலும் உள்ளே உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பது இன்னொரு லாபம். இங்கே ஜனவரியில் வெளியே சாயம் உறைந்துவிடும்.

இந்தத் துணி சிறைக்குள்ளும் போனது. ஊருக்கு வெளியே கிரேட்டர்ஃபோர்ட் என்று ஒரு பெரிய சிறை இருந்தது, 2018இல் மூடிவிட்டார்கள். அங்கே ஆயுள் தண்டனை பெற்றவர்கள் வரைந்த துண்டுகள் இந்த ஊர்த் தெருக்களில் ஒட்டப்பட்டிருக்கின்றன. 2004இல் முடிந்த 'குணமாக்கும் சுவர்கள்' என்ற இரட்டை ஓவியத்தில், கைதிகளும் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்தினரும் ஒரே வேலையில் சேர்ந்தார்கள். ஒரு சுவர் அவர்கள் கதை, ஒரு சுவர் இவர்கள் கதை. சமரசம் எளிதாக நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. சுவர்கள் இரண்டாக இருப்பதே அதைச் சொல்கிறது. இப்போது 'கில்ட்' என்ற பெயரில், சிறையிலிருந்து வந்தவர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி தருகிறார்கள். அதில் ஓவியம் மட்டும் இல்லை, தச்சு வேலையும் உண்டு. எல்லோரும் கலைஞர் ஆக வேண்டியதில்லை என்ற தெளிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

இதே ஊரில் இன்னொரு வழியும் உண்டு. 1959இல் வந்த விதி. மறுசீரமைப்பு ஆணையத்தின் நிலத்தில் கட்டடம் கட்டுகிறவர் கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கு முன்னோடி பிலடெல்பியாதான். நகர மண்டபத்துக்கு எதிரே வானளாவ நிற்கும் துணி கவ்விச் சிற்பம் தெரியுமா? கிளாஸ் ஓல்டன்பர்க் 1976இல் செய்தது. அது அந்த 1 சதவீத விதியால் வந்தது. அருமையான விதி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோடிக்கணக்கான பணம் போடுகிற கட்டுமான நிறுவனம் பேர் தெரியாத பையனிடம் போகுமா? ஏற்கெனவே புகழ் பெற்றவரைத்தான் தேடும். புதியவனிடம் கேட்கும் முதல் கேள்வி, இதற்கு முன் இவ்வளவு பெரிதாக என்ன செய்திருக்கிறாய் என்பது. அந்த 'இதற்கு முன்' அவனுக்குக் கிடைக்க யாராவது ஒரு சிறிய சுவர் கொடுத்தாக வேண்டும். விதி தானாக அதைச் செய்யாது.

நகராட்சி கலை என்றால் எல்லாம் தேனும் பாலும் அல்ல. இத்தாலியச் சந்தையில் ஃபிராங்க் ரிஸ்ஸோவின் பெரிய முகம் இருந்தது. முன்னாள் போலீஸ் கமிஷனர், முன்னாள் மேயர். ஒரு சாராருக்கு எங்கள் ஆள், கறுப்பின மக்களுக்குக் கொடுங்கனவு. 1995இல் வரைந்தது. எத்தனை முறை சாயம் வீசினார்கள், எத்தனை முறை திருத்தினார்கள் என்று கணக்கே இல்லை. கடைசியில் 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு ஊரே கொதித்தபோது, ஒரே நாளில் சுவரை மூடிச் சாயம் பூசிவிட்டார்கள். ஒரு தெரு கேட்டுச் சம்மதித்த படத்தின் மேல் முழு ஊருக்கும் எவ்வளவு உரிமை என்ற கேள்விக்கு எந்தக் குழுவும் ஒழுங்காகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. படம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அரசாங்கத்துப் பணத்தில் தலைவர்கள் முகத்தை வரைந்தாலே இந்த வம்பு வரும்.

அதே 2020 மே மாதம் இன்னொன்றும் நடந்தது. கொரோனாவால் வருமானம் விழுந்ததும், நகராட்சியின் கலை அலுவலகத்தையே மூடுவது என்றும், கலைக் குழுக்களுக்கு மானியம் தரும் பண்பாட்டு நிதியை நிறுத்துவது என்றும் பட்ஜெட்டில் முன்மொழிந்தார்கள். எந்த ஊரானாலும் பட்ஜெட்டில் முதல் வெட்டு கலைக்குத்தான். அப்போதும் மியூரல் ஆர்ட்ஸ் தாக்குப்பிடித்தது. வெளியிலிருந்து வரும் நன்கொடைக் கால் இருந்தது, அதோடு ஒவ்வொரு பேட்டையிலும் இது எங்கள் சுவர் என்று குரல் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். அதற்காகவாவது அந்தச் சலிப்பூட்டும் தெருக் கூட்டங்களை நடத்தியது நல்லது.

இப்போதைய தொல்லை வேறு. ஊர் மறுபடி நிறைகிறது, காலி மனைகளுக்கு விலை ஏறிவிட்டது. ஓவியத்துக்கு முன்னால் இருக்கும் மனையில் புதுக் கட்டடம் வந்தால் ஓவியம் இரண்டு சுவர்களுக்கு நடுவில் புதைந்துபோகும். டேவிட் குவின் என்ற ஓவியர் வரைந்த இலையுதிர்காலச் சுவர் ஒன்று அப்படித்தான் மறைந்தது. மனைக்காரரைத் தடுக்க நகராட்சிக்கு வழியில்லை. சொந்த நிலத்தில் வீடு கட்டாதே என்று சொல்ல முடியுமா? ஓவியம் வந்ததால் தெரு அழகானது, தெரு அழகானதால் மனை விலை ஏறியது, விலை ஏறியதால் ஓவியம் போனது என்று சிலர் கணக்குச் சொல்கிறார்கள். மனை விலையை ஏற்றும் சக்தி ஓவியத்துக்கு மட்டும் இருந்தால் ஓவியர்கள் ஏன் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

வெளிச்சம் குறைகிறது, நான் மேலே ஏறி ரயிலைப் பிடித்து மிச்சச் சுவர்களைப் படம் பிடிக்க வேண்டும். மேற்கு நோக்கிப் போகும்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தால் அதிகம் தெரியும் என்று கேட்டால், திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம் உட்காருங்கள் என்பேன், இரண்டு பக்கமும் இருக்கிறது. நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊரில் மாநகராட்சிச் சுவரிலோ பள்ளிக்கூட மதிலிலோ வரைந்தவர்கள் இந்த வீடியோவைப் பார்த்தால், கூலி நாள் கணக்கா, சதுர அடிக் கணக்கா, பணம் எத்தனை மாதம் கழித்து வந்தது, சுவரின் ஓரத்தில் உங்கள் பெயரைப் போட விட்டார்களா, அதற்குப் பிறகு இன்னொரு சுவர் கிடைத்ததா என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் நான் படிக்கிறேன். அடுத்த வீடியோவில் பேசலாம்.