மலை ஈரத்துல கிளாசிக்கல் கிட்டார்: கட்டை ஒட்டுறதுக்கு முன்னாடி மீட்டரைப் பாருங்க

வணக்கங்க, கொடைக்கானல்ல இருந்து பேசுறேன். ஜன்னல் வழியா மேகம் உள்ளயே வருது பாருங்க. மீட்டர்ல ஈரப்பதம் 88. இன்னைக்கு மேல்பலகையில, அதாவது கம்பிக்கு அடியில இருக்கிற முன்பக்கப் பலகையில, உள்பக்கம் தாங்குற கட்டை ஒண்ணு கூட ஒட்டக் கூடாது. ஏன்னு கணக்காவே சொல்லிடுறேன்.

மேல்பலகை கீழ் வயித்துப் பக்கம் சுமார் 360 மி.மீ. அகலம். காத்துல ஈரம் 80 சதவீதம்னா மரத்துக்குள்ள 16 சதவீதம் தண்ணி இருக்கும். காத்து 45க்கு இறங்கினா மரம் எட்டரை, ஒம்பதுக்கு வந்துடும். மேல்பலகைக்குப் போடுற ஸ்ப்ரூஸ் மரம், ஆண்டு வளையம் செங்குத்தா நிக்கிற மாதிரி அறுத்ததுன்னா, உள் ஈரம் ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் குறுக்கே 0.13 சதவீதம் சுருங்கும். பெருக்கிப் பாருங்க, மொத்தத்துல 3 மி.மீட்டருக்கு மேல. ஆனா சவுண்ட் ஹோலுக்கு மேலயும் கீழயும் ஓடுற குறுக்குக் கட்டையும், கம்பியைக் கட்டுற பிரிட்ஜும் நீளவாக்குல சுருங்கவே சுருங்காது. அப்போ பலகைதான் நார் வாக்குல பிளக்கும். பிளக்கலைன்னா குழிஞ்சு, கம்பி இறங்கி, கழுத்துல பதிச்ச உலோகப் பட்டியான பிரெட்ல பட்டு இரையும். இங்க மழையில ஒட்டின கிட்டார் மதுரையில ஒரு ஏசி ரூமுக்குப் போனா இந்தக் கதிதான். காய்ஞ்ச நிலையில ஒட்டினது ஈரத்துல கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான். உடையாது.

அதனால 45ல இருந்து 50க்குள்ள ஒட்டணும். மாசி பங்குனியில பிரச்சினை கம்மி. ஐப்பசி கார்த்திகையில என்ன பண்றது? காத்தைச் சூடாக்கினா போதும். 15 டிகிரியில 90 சதவீதம் இருக்கிற காத்து 25 டிகிரிக்கு ஏறினா 48 சதவீதம் ஆயிடும். ஒரு பிளைவுட் பெட்டி, அடியில ரெண்டு 60 வாட் குண்டு பல்பு, பல்புக்கு மேல கம்பி வலை, மேலயும் கீழயும் விரல் அகலத்துக்குக் காத்து போக வழி. பலகையைச் சின்னக் குச்சி மேல தூக்கி வைங்க, ரெண்டு பக்கமும் காத்து படணும். ஒரு பக்கம் மட்டும் காய்ஞ்சா சுட்ட அப்பளம் மாதிரி வளைஞ்சுக்கும்.

காய்ஞ்சுதான்னு எப்படித் தெரியும்? கிச்சன் தராசு. இந்தப் பலகை 200 கிராம் சொச்சம். இதுல 12, 13 கிராம் வரைக்கும் இறங்கும். தினமும் காலையில எடை போடுங்க. எடை இறங்குறது நின்னாதான் பலகை தயார். மீட்டரையும் அப்படியே நம்பாதீங்க. பாட்டில் மூடியில உப்பு போட்டு, ஈர மணல் பதத்துக்குத் தண்ணி தெளிச்சு, மீட்டரோட சேர்த்து ஜிப் கவர்ல மூடி எட்டு மணி நேரம் வைங்க. 75 காட்டணும். 70 காட்டுதுன்னா அந்த 5ஐ எப்பவும் கூட்டிக்கணும்.

பசை விஷயம். வச்சிரம்னா, அதாவது மிருகத் தோல்ல காய்ச்சுற பசைன்னா, 60 டிகிரிக்கு மேல காய்ச்சாதீங்க, ஒட்டு போயிடும். இந்தக் குளிர்ல அது கட்டையில தடவி முடிக்கிறதுக்குள்ள உறைஞ்சுடும். அதனால கட்டை, பலகை ரெண்டையும் பெட்டியில சூடு பண்ணிட்டு எடுங்க. சாதாரண வெள்ளைப் பசை பிரிட்ஜுக்கு வேண்டாம். ஆறு நைலான் கம்பியும் சேர்ந்து 40 கிலோ அளவுக்கு இழுக்கும். அந்தப் பாரத்துல, வெயில் பட்டா, அது மெதுவா நழுவும்.

முதுகுக்கு ஈட்டி மரம்தான் வேணுமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. நல்லதுதான், டிரான்சிட் பாஸ், அதாவது மரத்தைக் கொண்டு போக வனத்துறை அனுமதிச் சீட்டு, இருக்கிற டிப்போல வாங்குங்க. ஆனா சத்தத்துல பெரும்பங்கு மேல்பலகைக்குத்தான். ஸ்பெயின்ல டோரஸ் 1862லயே முதுகையும் பக்கத்தையும் காகிதக் கூழ் அட்டையில செஞ்சு காட்டிட்டார். நம்ம பைன் காட்டு மரத்துல மேல்பலகை போடலாமான்னா, என்னைக் கேட்டா வேண்டாம். வேகமா வளர்ந்த மரம், வளையம் அகலம், பிசின் வேற.

தடிமன் ஸ்ப்ரூஸுக்கு 2.2ல இருந்து 2.5 மி.மீ., செடாருக்கு கொஞ்சம் கூட. வெர்னியரை மட்டும் பாத்து இழைக்காதீங்க. ரெண்டு கட்டை மேல பலகையை வச்சு, நடுவுல 1 கிலோ எடைக்கல்லை வச்சு எவ்வளவு தொய்யுதுன்னு டயல் கேஜ்ல எழுதி வைங்க. அடுத்த பலகைக்கு அதுதான் அளவு.

கம்பி கட்டியாச்சு, இப்ப சத்தம். போன்ல ஸ்பெக்ட்ரம் ஆப்பைத் திறந்து, கம்பியைக் கையால அமுக்கிட்டு பிரிட்ஜைத் தட்டுங்க. திரையில கோடு உசந்து நிக்கிற முதல் முகடு 90, 100 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், அது உள்ள இருக்கிற காத்து. அடுத்தது 180, 200 பக்கம், அது பலகை. இந்த ரெண்டாவது சரியா 196ல விழுந்தா, திறந்த மூணாவது கம்பி, அதாவது ஜி, 'டொம்'னு கத்திட்டு உடனே செத்துடும். உள்பக்கம் பிரிட்ஜுக்கு நேரா புளூ டாக், அதான் சுவத்துல போஸ்டர் ஒட்டுற பிசுபிசு களிமண் மாதிரி இருக்குமே, அதை ஒரு 5 கிராம் ஒட்டிப் பாருங்க. முகடு இறங்கி ஜி சரியாகுதுன்னா, பலகைக்கு அடியில விசிறி மாதிரி விரிச்சு ஒட்டுற விசிறிக் கட்டையோட நுனியைக் கொஞ்சம் சீவினாலும் அதே பக்கம்தான் நகரும். சீவினது திரும்பி வராது, ஒட்டிப் பாத்துட்டு சீவுங்க. அப்புறம் முதல் கம்பியில 5ல இருந்து 12வது பிரெட் வரைக்கும் ஒண்ணொண்ணா மீட்டுங்க. மட்டமான கிட்டார் அங்கதான் மாட்டும்.

வாசிக்கிற சுகத்துக்கு, 12வது பிரெட்டுக்கு மேல ஆறாவது கம்பி 4 மி.மீ. உயரம், முதல் கம்பி 3 மி.மீ. உயரம். அங்க 1 மி.மீ. இறக்கணும்னா சாடில்ல, அதாவது பிரிட்ஜ் மேல கம்பி உக்கார்ற சின்னத் துண்டுல, 2 மி.மீ. எடுக்கணும். இங்கதான் மலையில தப்பு நடக்குது. மழையில பலகை உப்பி கம்பி அரை மி.மீ. ஏறி நிக்கும். உடனே சாடிலைத் தேய்ச்சுடுறாங்க. மாசியில எல்லாம் இரையுது. ரெண்டு சாடில் செஞ்சு வச்சுக்குங்க, மழைக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணு. அளக்கும்போதெல்லாம் பக்கத்துலயே ஈரப்பதத்தையும் எழுதுங்க.

வத்தலக்குண்டு வழியா கீழ கொண்டு போறவங்க, கேஸைப் போய்ச் சேர்ந்த உடனே திறக்காதீங்க, ஒரு ராத்திரி மூடியே கிடக்கட்டும். அடுத்த வீடியோவுல பிரெட் வெட்டுறதைப் பாக்கலாம். கம்பி அதிர்ற நீளம் 650 மி.மீ.னா, முதல் பிரெட் தலைப்பக்க முனையில இருந்து 36.48 மி.மீ.ல வரும், ஸ்டீல் ஸ்கேல் ஒண்ணு எடுத்து வச்சுக்குங்க.