வியர்வையை பீட்டா பிளாக்கர் மறைப்பதில்லை

நண்பர்களே, ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரையும், சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ சேர்த்து எடுப்பவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரை இறங்கினால் படபடப்பு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சரியும்போது அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் பீட்டா ஏற்பிகள் (செல்களில் அட்ரினலின் வந்து ஒட்டும் இடங்கள்) வழியாக வருபவை. மாத்திரை அடைப்பது அந்த ஏற்பிகளைத்தான்; அதனால் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்போ அசிட்டைல்கோலின் என்ற வேறொரு வேதிப்பொருளைச் சுரந்து வேலை செய்கிறது. மாத்திரை அதைத் தொடுவதில்லை. அதனால் காரணமில்லாமல் உடம்பு குப்பென்று வியர்த்தால், உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள்.

பீட்டா பிளாக்கர் எல்லாம் ஒன்றல்ல. ப்ரொப்ரனோலால், நாடோலால் இரண்டும் பீட்டா-2 ஏற்பியையும் அடைப்பதால், சேமித்த கிளைகோஜனை உடைத்துச் சர்க்கரையாக்கும் வேலை தடைபடுகிறது. இறங்கிய சர்க்கரை மெல்லத்தான் ஏறும். முதல் வகை நீரிழிவு நாள்பட்டவர்களுக்கு இது கடுமையான சிக்கல். தாழ்சர்க்கரையின்போது சுரக்க வேண்டிய, சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககான் அவர்களுக்குச் சரியாகச் சுரப்பதில்லை, அட்ரினலினையே நம்பியிருக்கிறார்கள். மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் போன்றவை பெரும்பாலும் இதயத்தோடு நின்றுகொள்ளும். டோஸ் கூடினால் அந்த வேறுபாடு மங்கிவிடும்.

அதற்காக பீட்டா பிளாக்கரே ஆகாது என்று சொல்வது தவறு. 1998-இல் வெளிவந்த பிரிட்டனின் யுகேபிடிஎஸ் என்ற நீரிழிவு ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களிடையே அட்டெனோலால் என்ற பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களுக்கும், வேறு வகை ரத்த அழுத்த மாத்திரையான கேப்டோப்ரில் எடுத்தவர்களுக்கும் தாழ்சர்க்கரை ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்தது. மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம்.

அளவு 70-க்குக் கீழ் என்றால் 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். ஏறவில்லையென்றால் மறுபடி 15 கிராம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

ரத்தநாளக் கட்டிக்காக ப்ரொப்ரனோலால் எடுக்கும் கைக்குழந்தைக்கு நீரிழிவே இல்லாமலும் சர்க்கரை இறங்கலாம். பாலூட்டும் வேளையிலேயே மருந்தைக் கொடுங்கள். குழந்தை குடிக்க மறுத்தாலோ வாந்தியெடுத்தாலோ அந்த வேளை மருந்தைக் கொடுக்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டும் இந்த இனம்தான். மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். சொட்டு விட்டதும் கண்ணின் உள்மூலையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்; எடுக்கும் மருந்துகளை மருத்துவரிடம் சொல்லும்போது சொட்டு மருந்தையும் விடாமல் சொல்லுங்கள்.