பாதியில டைரக்டர் விலகினா படம் என்ன ஆகும்? நேயர் கேள்வி, காரைக்குடி

தேவகோட்டைத் தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு: "அண்ணே, ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ் ஹாலிவுட் பட வரிசையோட பத்தாம் பாகத்துல டைரக்டர் ஜஸ்டின் லின் விலகினதாலதான் படம் சொதப்பிருச்சுன்னு ரசிகர்கள் சொல்றாங்களே, நெசமா?"

பாதி நெசம் தம்பி. ஏழாவதை ஜேம்ஸ் வான் எடுத்தாரு, எட்டாவதை எஃப். கேரி கிரே. இந்த வரிசையில நூறு கோடி டாலர் வசூலைத் தாண்டுனது அந்த ரெண்டும்தான். ரெண்டுமே லின் படம் இல்ல. அதனால யாரு போனாங்கன்னு கேக்குறதுக்கு முன்னாடி, எப்பப் போனாங்கன்னு கேளுங்க.

வானும் கிரேயும் ஷூட்டிங்குக்கு முன்னாடியே உள்ள வந்தவங்க. கதையில கை வைக்கலாம், லொகேஷனை மாத்தலாம். லின் விலகுனது 2022 ஏப்ரல் கடைசியில, கேமரா ஓட ஆரம்பிச்சு ஒரு வாரத்துக்குள்ள. நம்ம பக்கம் செட்டிநாட்டு வீட்டுல வளவு, பட்டாலை, தூண்னு கட்டுமானமெல்லாம் நின்னப்புறம் கொத்தனார் மாறினா, புதுசா வர்றவருக்குப் பூச்சும் தரைக்கு ஆத்தங்குடிக் கல்லும்தானே மிச்சம்? லின்னுக்குப் பதிலா வந்த டைரக்டர் லூயி லெட்டரியே நிலைமை ஏறக்குறைய அதுதான். திரைக்கதையிலயும் தயாரிப்பாளர் பட்டியல்லயும் லின் பேரு இப்பவும் இருக்கு. கதை சரியில்லைன்னு லெட்டரியேவை மட்டும் திட்டுறது நியாயமே இல்ல.

"ஹீரோவும் தயாரிப்பாளருமான வின் டீசலே டைரக்ட் பண்ணிருக்கலாமே"ங்கிறாங்க. முடியாது. படத்துல ஏற்கனவே இருக்குற நடிகரோ தயாரிப்பாளரோ, விலகுன டைரக்டரோட நாற்காலியில உக்காரக் கூடாதுங்கிறது அமெரிக்க டைரக்டர்கள் சங்க விதி. 'தி அவுட்லா ஜோசி வேல்ஸ்' (1976) படத்துல ஃபிலிப் காஃப்மனை எடுத்துட்டு ஹீரோ கிளின்ட் ஈஸ்ட்வுட்டே டைரக்டர் ஆனாரு பாருங்க, அதுக்கப்புறம் வந்தது. பேரே ஈஸ்ட்வுட் விதி! இங்க 'துப்பறிவாளன் 2'ல மிஷ்கின் விலகினதும் விஷாலே டைரக்ஷனைக் கையில எடுத்துக்கிட்டாரு. அங்க அது நடக்காது, வெளியாள்தான் வரணும்.

இன்னொண்ணு, டைட்டில் கார்டை மட்டும் நம்பாதீங்க. 2017 'ஜஸ்டிஸ் லீக்'ல ஸாக் ஸ்னைடர் விலகினப்புறம் ஜாஸ் வீடன் ஏகப்பட்ட காட்சிகளைத் திரும்ப எடுத்தாரு, ஆனா கார்டுல ஸ்னைடர் பேருதான். 'சோலோ' (2018) அப்படியே நேர்மாறு. முதல்ல டைரக்டர்களா இருந்த லார்டும் மில்லரும் மாசக்கணக்கா எடுத்தாங்க, ஆனா கார்டுல அவங்களுக்குப் பதிலா வந்த ரான் ஹோவர்ட் மட்டும். அதுல எந்த சீன் யாரு எடுத்ததுன்னு அடிச்சுக்கிறதுல பிரயோசனமே இல்ல, எடிட்டிங் ரூம்ல இருந்தவங்கதான் சொல்லணும்.

சரி, அடுத்த கேள்வி பள்ளத்தூர்ல இருந்து.